நிறுவனத்தின் பெயர்: கீனகஹ தோட்டம்

அத்தியாயம் 17

வெள்ளிக்கிழமை காலையில் சுதாகரன் ஒரே சட்டைக்கு மூன்று தடவை இஸ்திரி போட்டான். முதல் தடவை கழுத்துப் பட்டி சரியாக விழவில்லை. இரண்டாவது தடவை எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அவன் மனதுக்குத்தான் சரியாகப் படவில்லை. மூன்றாவது தடவை மனைவி ஷாமிளா வந்து இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டாள்.

"போதுங்க. இன்னொரு தரம் தேய்ச்சா சட்ட இருக்காது, ஓட்டதான் இருக்கும்."

"தொரை கையால கடிதாசி வாங்கப் போறேன் ஷாமி. கசங்கிப் போயா நிக்கச் சொல்லுற?"

"தொரை சட்டயையா பாக்கப் போறாரு? ஆறு மாசமா ஒங்க வேலயத்தான பாத்தாரு."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

கீனகஹ தோட்டத்து ஆபீசில் சுதாகரன் தற்காலிகக் கிளாக்கராகச் சேர்ந்து இன்றோடு ஆறு மாதம் முடிகிறது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த ஒருவன் அந்த ஆபீசுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தது இதுவே முதல் தடவை. அதுவரை லயத்து ஆட்களுக்கு ஆபீஸ் என்றால் ஒரு ஜன்னல்தான். வெயிலோ மழையோ, ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். உள்ளே இருந்து அந்த ஜன்னலைப் பார்க்கிற முதல் ஆள் சுதாகரன்.

இன்றைக்குத் தோட்ட மானேஜரான பெரிய தொரை கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்பானேன்? வாசலைத் தாண்டினால் ரப்பர் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. சுதாகரனின் அப்பா ஐயாவு முப்பத்தெட்டு வருடமாக அவற்றில்தான் பால் வெட்டுகிறார். இன்றும் விடியுமுன்பே கத்தியோடு கிளம்பிவிட்டார். போகும்போது ஒன்றுமட்டும் சொன்னார்: "நல்லா சாப்ட்டுட்டுப் போ தம்பி. வெறும் வயித்தோட போய் நிக்காத."

கணவனை அனுப்பிவிட்டு ஷாமிளா வீட்டைக் கூட்டினாள், பாத்திரம் கழுவினாள், கைபேசியை எடுத்துக்கொண்டு பிள்ளைக் காம்பரா மேட்டுக்குப் புறப்பட்டாள். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற கட்டிடம் அது. அதன் பின்சுவரோரம் நின்றால்தான் கீழ்ப் பிரிவில் சிக்னல் கிடைக்கும். சுவரை விட்டு இரண்டடி தள்ளினால் போச்சு.

நாலு வாரமாக அந்தச் சுவருக்கும் அவளுக்கும் நல்ல சிநேகம். எல்லாம் ஒரு கம்ப்யூட்டருக்காக.

கொழும்பில் ஒரு மொழிபெயர்ப்பு ஆபீஸ் அவளைப் பரீட்சித்துப் பார்த்து, வீட்டிலிருந்தே வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. சிங்களத்தில் வருகிற சுற்றறிக்கை, அறிவித்தல், படிவம் எல்லாவற்றையும் தமிழாக்க வேண்டும். பரீட்சைக்கு வந்த பன்னிரண்டு பக்கத்தையும் அவள் கைபேசியில் கட்டைவிரலாலேயே தட்டி முடித்தாள். ஒரு வாரத்துக்கு அந்த விரலால் கரண்டி பிடிக்க முடியவில்லை. அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து வேலை, ஆனால் சொந்தமாக ஒரு லேப்டாப் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மாமியார், அவள் கேட்காமலே, அதை வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டாள். "நல்லதா பாத்து எடு புள்ள. இந்த வீட்டுல எனக்கு இருக்கிற ஆபீஸ் ரெண்டு. ஒண்ணுல எம் மகன், இன்னொண்ணுல நீ" என்று குரல் செய்தி அனுப்பியிருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து ஷாமிளாவுக்குப் பொறுப்பு கூடிப்போயிற்று. மாமியார் கை வலிக்க உழைத்து அனுப்புகிற பொருள். ஏனோதானோ என்று எடுத்துவிட முடியுமா?

கடைக்குப் போய்க் கேட்டால் கடைக்காரன் தன்னிடம் இருப்பதைத்தான் நல்லது என்பான். ஆகவே நேராகத் தயாரிக்கிறவர்களின் இணையதளங்களுக்கே போனாள். முக்கியமாக இரண்டு. ஒன்றின் பக்கமெல்லாம் நீலம், மற்றது முழுக்கக் கறுப்பு. பெயர் வாயில் நுழையாததால் நீலக்காரன், கறுப்புக்காரன் என்றே வைத்துக்கொண்டாள்.

கறுப்புக்காரன் வாய்ச்சொல் வீரன். பேட்டரி பதினொரு மணி நேரம் நிற்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். பக்கத்தில் பொடியாக ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடிமட்டத்துக்குப் போய்ப் பார்த்தால், திரை வெளிச்சத்தைக் குறைத்து ஒரே படத்தை ஓட விட்டால் மட்டுமாம். நீலக்காரன் எட்டு மணி நேரம் என்றுதான் சொன்னான், நட்சத்திரம் கிடையாது. அந்த நாணயம் அவளுக்குப் பிடித்திருந்தது. நாடுகளின் பட்டியலில் கறுப்புக்காரன் இலங்கையையே விட்டிருந்தான். நீலக்காரன் போட்டிருந்தான்.

ஈரப்பத விசயத்தில் இரண்டு பேருமே மழை ஓயாத இந்தக் கலவானைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்று தெரிந்தது. எண்பது சதவீதம் வரை ஈரம் தாங்குமாம். இங்கே நெருப்புப் பெட்டியே வருடத்தில் பாதி நாள் பற்றாது. அதைச் சொல்லி அவளும் சுதாகரனும் ஒருநாள் நெடுநேரம் சிரித்தார்கள்.

நீலக்காரனின் தளத்தில் இரண்டு வாசல். வீட்டுக்கு வாங்குவோர் ஒன்று, தொழிலுக்கு வாங்குவோர் மற்றது. தொழில் வாசலில் இருந்த மெசின்களில் விசைப்பலகைமீது தண்ணீர் சிந்தினாலும் ஒன்றும் ஆகாது, பழுதானால் மூன்று வருடத்துக்கு ஆள் வந்து பார்ப்பான். தேடியது கிடைத்தது. மூன்று மெசினுக்கு எதிரே குறி போட்டு 'ஒப்பிடு' என்பதை அழுத்தினாள். எல்லா விவரமும் வந்தது, விலை மட்டும் வரவில்லை. இலங்கைக்கு விலை வேண்டுமென்றால் படிவம் நிரப்பு என்றது.

போன செவ்வாய்க்கிழமை நிரப்பி அனுப்பிவிட்டாள். அதற்குப் பதில் வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் இன்று மேட்டுக்கு வந்தாள்.

வந்திருந்தது. காலை ஒன்பது நாற்பதுக்கு, நீலக்காரனின் கொழும்பு முகவரிடமிருந்து.

ஆங்கிலத்தில் மரியாதை பொங்க எழுதியிருந்தார்கள். 'திரு. சுதாகரன் அவர்களுக்கு. கீனகஹ தோட்டத்துக்கான கணினிகள் பற்றிய தங்கள் விசாரணைக்கு நன்றி. தாங்கள் தந்த இலக்கத்துக்கு இன்று காலை அழைத்து, தங்கள் அலுவலகத் தலைமை எழுதுநருடன் பேசினோம். இது பற்றித் தமக்கு எதுவும் தெரியாது என்று அவர் கூறியதால், தங்கள் விசாரணைப் படிவத்தின் பிரதியை அலுவலகத்துக்கு அனுப்பியுள்ளோம்.'

ஷாமிளா திரையை விரலால் பெரிதாக்கினாள்.

இன்னொரு தடவை படித்தாள். கீழே படிவத்தின் பிரதியும் இருந்தது. தான் நிரப்பிய படிவத்தை யாரோ ஒருத்தி நிரப்பியது போல வரிவரியாகப் பார்த்தாள்.

பெயர் என்று கேட்ட இடத்தில் சுதாகரன் என்று போட்டிருந்தாள். எந்தப் படிவத்திலும் குடும்பத் தலைவர் பெயரைத்தானே போடுவார்கள்! நிறுவனம் என்ற இடத்தில் கீனகஹ தோட்டம். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து எந்தத் தாளிலும் அவள் எழுதி வந்த பெயர், தான் பிறந்த தோட்டத்தின் பெயர்தான். கல்யாணமாகி வந்த பிறகு இந்தத் தோட்டத்தின் பெயர். லயத்து வீட்டுக்கு வேறு என்ன இருக்கிறது, தெருவா, இலக்கமா? தொலைபேசி என்ற இடத்தில் நிலையான இலக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தது. ஆபீஸ் இலக்கத்தைக் கொடுத்தாள். தோட்டத்து ஆட்களுக்குக் கடிதமும் போனும் வந்து சேர்கிற இடம் ஆபீஸ்தான். ஆஸ்பத்திரித் துண்டிலும் அதைத்தான் எழுதுவார்கள்.

எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? ஐந்நூறு முதல் ஆயிரம் வரை. உண்மைதானே, பேர் பதிந்தவர்களே அறுநூறுக்கு மேல். எத்தனை மெசின்? மூன்று. அவள் ஒப்பிட்டது மூன்றை. வாங்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டா? உண்டு. மாமியார் அவளைத்தானே பார்த்து எடுக்கச் சொன்னாள்!

செவ்வாய்க்கிழமை அன்று ஒவ்வொரு பதிலும் சரியாகத்தான் இருந்தது. இன்று எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால், ஆறு மாதத் தற்காலிகக் கிளாக்கர் ஒருவன் தொரைக்குத் தெரியாமல் தோட்டத்தின் பெயரில் மூன்று கம்ப்யூட்டருக்கு ஆர்டர் கொடுக்கப் பார்த்திருக்கிறான்.

கறுப்புக்காரனின் நட்சத்திரக் குறியைக் கண்டுபிடித்த கண், தான் எழுதியதைப் பார்க்காமல் விட்டுவிட்டதே என்று தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

சுதாகரனுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. ஆபீசில் போனை மேசை லாச்சியில் வைத்துவிட வேண்டும் என்பது தலைமை எழுதுநரான பெரிய கிளாக்கரின் சட்டம். எட்டுத் தடவை போட்டாள். பிறகு ஆபீஸ் இலக்கத்துக்கே போடலாமா என்று யோசித்தாள், எடுப்பது பெரிய கிளாக்கராகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

போன வருடம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு ஸ்டோர் கிளாக்கர் தோட்டத்தின் பெயரில் உரம் எடுத்து வெளியே விற்று, பொலிஸ் வந்து கூட்டிப்போன கதை எல்லாருக்கும் தெரியும். அதிலிருந்து இந்தப் பக்கத்துத் தொரைமாருக்கு 'தோட்டத்தின் பெயரில்' என்று யாராவது சொன்னாலே காது விடைத்துக்கொள்ளும்.

வீட்டுக்கு ஓடினாள். ஓடிப் போய் என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தாள். பதினொன்றரைக்கு வானம் கறுத்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஐயாவு வந்தார்.

பால் வாளியைக்கூட ஸ்டோரில் வைக்காமல் கையோடு தூக்கி வந்திருந்தார். அதுவே போதும், அவருக்கு விசயம் தெரிந்துவிட்டது என்று.

"ஸ்டோருல பால் நிறுக்கிற எடத்துல எல்லாரும் பேசிக்கிறானுங்க புள்ள" என்றார். "தம்பி தோட்டத்துப் பேருல என்னமோ கம்ப்யூட்டர் எடுக்கப் பாத்தானாம். பத்து மணியில இருந்து தொரை அறையிலதான் நிக்கிறானாம். எம் மகன் அப்புடி செய்வானா?"

"அவரு செய்யல மாமா. நான்தான்."

ஐயாவு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

ஷாமிளா எதையும் மறைக்கவில்லை. நீலக்காரனில் தொடங்கி மூன்று மெசின் வரைக்கும் சொல்லி முடித்தாள். பாதிக்கு மேல் அவருக்குப் புரியவில்லை. புரிந்த பாதியே அவரை உட்கார வைத்துவிட்டது.

"வெல கேக்குறதுக்கு எதுக்கு புள்ள தோட்டத்துப் பேரு?"

"வெலாசம்னு நெனச்சு எழுதிட்டேன் மாமா. நாம எப்பவும் எழுதுறதுதான."

அவருக்கு அதில் ஒரு குறையும் சொல்லத் தெரியவில்லை. அவரும் அறுபது வருடமாக அதைத்தான் சொல்லி வருகிறார்.

"சரி. நீ வாய தொறக்காத" என்றார். "தம்பி எதாச்சும் சொல்லிச் சமாளிச்சுக்குவான். படிச்சவன். தொரை ரெண்டு வார்த்த ஏசுவாரு, அம்புட்டுத்தான். நீ போய் நின்னியன்னா, பொண்டாட்டி ஆபீஸ் பேர வெளிய குடுத்துட்டா, வீட்டுல இவன் பேச்சு செல்லாதுன்னு ஆயிரும். பெரிய கிளாக்கரு அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காரு. லயத்துப் பய உள்ள வந்தா இப்புடித்தான்னு சொல்லிருவாரு."

"செய்யாதத செஞ்சதா நிக்கிறாரு மாமா."

"நான் போறேன். தொரை கால்ல விழுறேன்."

"யாரும் யாரு கால்லயும் விழ வேணாம்." தன் குரல் இவ்வளவு பெரிதாக வரும் என்று ஷாமிளாவே நினைக்கவில்லை. "எழுதுனது நான். நானே போய்ச் சொல்லுறேன். நெசத்தச் சொன்னா முடிஞ்சு போற காரியம்."

பாவம், அப்படித்தான் நம்பினாள்.

மழை பிடித்துக்கொண்டது. கலவானை மழைக்குத் தூறல் என்ற பழக்கமே கிடையாது, வந்தால் ஒரே கொட்டுத்தான். ஆபீசுக்கு ஒன்றரை மைல். குறுக்குப் பாதையில் ரப்பர் மலைக்குள் இறங்கி ஏறினாள். குடை இருந்தும் முழங்காலுக்குக் கீழே தொப்பலாக நனைந்துவிட்டது. திரும்பிப் பார்த்தபோது இருபதடி பின்னால் ஐயாவு உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தார். போகாதே என்று சொன்னவர்தான். கூட வருகிறேன் என்றும் சொல்லவில்லை. அவள் நின்றால் அவரும் நின்றார்.

ஆபீஸ் வாசலில் பெரிய கிளாக்கர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னா வேணும்? ஜன்னல் பக்கம் வா."

"தொரைய பாக்கணுங்க ஐயா. சுதாகரனோட சம்சாரம்."

"தொரை வேலயா இருக்காரு. ஒம் புருசன் பண்ணி வச்சிருக்கிற வேலைக்கு..."

"அதப் பத்திதாங்க பேசணும்" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே காலெடுத்து வைத்துவிட்டாள். லயத்துப் பெண் ஒருத்தி அந்தப் படியைத் தாண்டி வருவாள் என்று அவர் எதிர்பார்க்காததால் தடுக்கக் கையும் எழவில்லை.

பெரிய தொரையின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. சுதாகரன் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் அவன் முகத்தில் வந்தது ஆறுதல் இல்லை, பயம்.

"யாரு நீ? என்னா வேணும்?" தொரை அவருக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில் கேட்டார்.

ஷாமிளா சிங்களத்தில் பதில் சொன்னாள். மொழிபெயர்ப்புப் பரீட்சையில் தேறியவள், அந்தச் சிங்களத்தில் ஒரு பிசிறும் இல்லை. தொரை எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"சேர், அந்தப் படிவத்தை நிரப்பியது நான். அவருக்கு அது தெரியவே தெரியாது. எனக்கு ஒரு லேப்டாப் வாங்க இரண்டு கம்பெனிகளின் தளங்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். விலை தெரிந்துகொள்ளத்தான் நிரப்பினேன்."

"ஒரு லேப்டாப்புக்கு நிறுவனத்தின் பெயர் எதற்கு? தோட்டத்தின் பெயரைப் போட யார் உனக்கு அனுமதி கொடுத்தது?"

"அதை நிறுவனமாக நினைத்து எழுதவில்லை, சேர். என் விலாசமாக எழுதினேன்." அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். "இதிலும் அதுதான் இருக்கிறது. கல்யாணச் சான்றிதழிலும் அதுதான். அதை விட்டுவிட்டு எழுதச் சொன்னால், எங்கே இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வேறு ஒன்றும் இல்லை."

தொரை அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு படிவத்தின் பிரதியை எடுத்து மேலிருந்து கீழாக இன்னொரு தடவை படித்தார். ஐந்நூறு முதல் ஆயிரம் பேர் என்ற இடத்துக்கு வந்ததும் அவருடைய உதடு லேசாக அசைந்தது. சிரிப்பை அடக்குகிறாரோ என்றுகூட ஷாமிளாவுக்குத் தோன்றியது. முடிந்துவிட்டது, நல்லவேளை வந்தேன் என்று நினைத்தாள்.

தொரை லாச்சியைத் திறந்து இன்னொரு தாளை எடுத்தார்.

"அத்தத?" என்றார் சுதாகரனைப் பார்த்து. "இவள் சொல்வது உண்மையா? அப்படியென்றால் காலையில் இதை எழுதிக் கொடுத்தது யார்?"

தொரையே வாசித்தார். "'மேற்படி விசாரணையை நானே, அலுவலகக் கணினியிலிருந்து, எவருடைய அனுமதியும் பெறாமல் அனுப்பினேன். என் குடும்பத்தினர் எவருக்கும் இதில் தொடர்பு இல்லை. மன்னிக்கவும்.' கீழே உன் கையெழுத்து. பத்து நாற்பது என்று நேரம்கூடப் போட்டிருக்கிறாய்."

ஷாமிளா எட்டிப் பார்த்தாள், அவன் கையெழுத்தேதான்.

"இரண்டில் எது உண்மை?"

"நான் எழுதினதுதான், சேர்" என்றான் சுதாகரன். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. "அவளுக்கு ஒன்றும் தெரியாது. என்னைக் காப்பாற்ற வந்திருக்கிறாள்."

கட்டிய கணவன், கண்ணெதிரே, தொரைக்கு முன்னால் அவளைப் பொய்க்காரி ஆக்கினான். அவளுக்காகத்தான் செய்கிறான் என்று புத்திக்குத் தெரிந்தது. நெஞ்சுக்கு அது போதவில்லை.

தொரை கையை நீட்டினார். "நீ நிரப்பியிருந்தால் கொழும்பிலிருந்து பதில் உன் போனுக்குத்தானே வந்திருக்கும்? காட்டு."

சுதாகரன் இப்போது திரும்பினான். தலையை மிக மெல்ல, இல்லை என்று ஆட்டினான்.

போனைக் காட்டினால் அவன் பொய் சொன்னவன். காட்டாவிட்டால் அவன் ஏமாற்றப் பார்த்தவன். எதைச் செய்தாலும் தன் கையால்தான் நடக்கப் போகிறது என்பது ஷாமிளாவுக்கு அந்த ஒரு கணத்தில் விளங்கிவிட்டது. உரக் கிளாக்கரை ஏற்றிப்போன பொலிஸ் ஜீப் கண்ணுக்கு முன்னால் வந்தது. கடிதத்தைத் திறந்து போனை மேசைமேல் வைத்தாள்.

தொரை படித்தார். அவளுடைய மின்னஞ்சல் முகவரி, செவ்வாய்க்கிழமை நேரம், எல்லாம் அதில் இருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் உன்னை நம்புகிறேன், தங்கச்சி" என்றார் அவளிடம். "தெரியாமல் நிரப்பியிருக்கிறாய். இதை நான் கொழும்புக்கு ஒரு போன் போட்டு முடித்துவிடுவேன். இவன் காலையில் 'எனக்குத் தெரியாது சேர், விசாரித்துச் சொல்கிறேன்' என்று சொல்லியிருந்தால் இந்நேரம் கடிதம் இவன் கையில் இருந்திருக்கும்." இப்போது சுதாகரனைப் பார்த்தார். "தப்பு செய்யாத கிளார்க் யாரும் இல்லை. ஆனால் பொய்யை உட்கார்ந்து எழுதி, நேரம் போட்டு, கையெழுத்தும் வைக்கிறவனிடம் அறுநூறு பேருடைய பதிவை எப்படிக் கொடுப்பேன்? திங்கட்கிழமை வரை வேலைக்கு வர வேண்டாம். பத்து மணிக்கு வா. அதற்குள் நான் யோசிக்கிறேன்."

மேசையில் கையெழுத்துக்காகக் காத்திருந்த நியமனக் கடிதம், சுதாகரன் எழுதிக்கொடுத்த தாளோடு சேர்ந்து லாச்சிக்குள் போயிற்று. தொரை பூட்டினார்.

வெளியே மழை விட்டிருக்கவில்லை. தாழ்வாரத்தின் மறுகோடியில் ஐயாவு சாக்கைப் பிழிந்துகொண்டு நின்றார். அவருக்குக் கேட்காத தூரத்தில் இருவரும் நின்றார்கள்.

"ஏன் வந்த?" என்றான் சுதாகரன்.

"நீங்க ஏன் எழுதிக் குடுத்தீங்க?" அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாகப் பொங்கி வந்தன. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக்கூடாதா? ஷாமி, இது என்னா, நீயா எழுதுனன்னு ஒரு வார்த்த? தொரைகிட்ட ஒரு மணி நேரம் கேட்டிருந்தாக்கூட குடுத்திருப்பாரு. நான் ஒங்களுக்கு எட்டுத் தரம் போன் அடிச்சேன்."

"கேட்டுட்டு என்னா செய்யுறது?"

"என்னா செய்யுறதுன்னா? தெரியாம எழுதிட்டேன்னு சொல்லியிருப்பேன்ல!"

சுதாகரன் மழையைப் பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று நாக்கில் வைத்துப் புரட்டுகிற முகம். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"அந்தத் தாள பாத்தப்ப நீ தெரியாம செஞ்சன்னு எனக்குத் தோணல ஷாமி. ஐந்நூறு ஆயிரம் பேரு, மூணு மெசினு, வாங்குற அதிகாரம் இருக்குன்னு வேற... ஒரு பொருளு மேல அம்புட்டு ஆசை வச்சுட்ட, அதுக்காக தோட்டத்துப் பேர வேணும்னே குடுத்துட்டன்னு நெனச்சேன். ஒன்ன பொலிசுல குடுத்துருவாங்கன்னு பயந்துதான் எழுதுனேன்."

பெரிய கிளாக்கர் நினைத்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். அவளை இன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்த தொரை, ஒரு அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அவளை நம்பினார். இரண்டு வருடம் ஒரே பாயில் படுத்து எழுந்தவனுக்கு ஒரு தாள் போதுமாக இருந்திருக்கிறது.

"என்னா தம்பி, கையெழுத்து போட்டாரா?" ஐயாவு தாழ்வாரத்தின் கோடியிலிருந்து கேட்டார்.

சுதாகரன் அவரைப் பார்த்து, பொறுங்க என்று கையைக் காட்டினான். அவர் மறுபடி சாக்கைப் பிழியத் தொடங்கினார்.

"இப்பவும் அப்புடித்தான் நெனைக்கிறீங்களா?" என்றாள் ஷாமிளா மெதுவாக.

"சீ, இல்ல" என்றான் சுதாகரன்.

ஆனால் அதைச் சொல்ல அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஷாமிளா குடையை விரித்து மழைக்குள் தனியாக இறங்கினாள்.